பவளத் தொட்டிக்குக் கால்சியம் ஊற்றும் முன்: முதலில் குறைவது எது?

வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்போர் பலரும் ஒரு முறையேனும் சந்திக்கும் நிலைமை இது. பவளத்தின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அடிப்பகுதியிலிருந்து திசு உரிந்து வெள்ளைச் சட்டகம் வெளியே தெரிகிறது. சோதனைப் பெட்டியை எடுத்துக் கால்சியத்தை அளந்தால் லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று காட்டுகிறது. இயற்கைக் கடல்நீரில் ஏறத்தாழ 420 இருக்கும் என்பதால், குறை இதுதான் என முடிவுகட்டிக் கால்சியக் கரைசல் புட்டியைத் திறக்கிறார்கள். எண் ஏறுகிறது, பவளம் தேறுவதில்லை.

அந்தத் தொட்டியில் பெரும்பாலும் தீர்ந்துபோயிருப்பது கால்சியம் அன்று. அதனுடன் சேர்ந்தே செலவாகும் காரத்தன்மை. இவ்விரண்டுக்கும் உள்ள கணக்கைப் புரிந்துகொண்டால், கடைகளில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் ஊட்டக் கரைசல்களில் எது தேவை, எது வீண், எது ஆபத்து என்பது விளங்கிவிடும்.

இரண்டும் சேர்ந்தே செலவாகும்

கல்பவளம் தன் சட்டகத்தை அரகோனைட் என்னும் வடிவிலான கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. நீரிலிருந்து கால்சியத்தை ஒரு கையாலும் கார்பனேட்டை மறு கையாலும் எடுத்துக்கொள்கிறது எனலாம். நீரில் பைகார்பனேட்டும் கார்பனேட்டும் எவ்வளவு இருப்பில் உள்ளன என்பதைக் காட்டும் அளவே காரத்தன்மை. மீன்தொட்டி வளர்ப்போர் அதை ‘டிகேஎச்’ என்னும் அலகில் குறிப்பிடுகின்றனர். கடல்நீரில் இது 7 அளவில் இருக்கும். பவளத் தொட்டிகளில் 7 முதல் 11 வரை எங்கேனும் ஓர் எண்ணில் நிலையாக வைத்திருப்பது வழக்கம். கால்சியத்துக்கு 380 முதல் 450 வரை ஏற்கத்தக்க எல்லை.

வேதியியல் விகிதம் மாறாதது. பவளங்கள் 2.8 டிகேஎச் காரத்தன்மையைப் பயன்படுத்தும்போது, லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியத்தையும் பயன்படுத்துகின்றன. கால்சியம் 420, காரத்தன்மை 8 என்று தொடங்கிய தொட்டியில் இந்த அளவு செலவானால் கால்சியம் 400 ஆகும். இழப்பு ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. காரத்தன்மையோ 5.2 ஆகிவிடும், இழப்பு 35 விழுக்காடு. வீட்டுச் சோதனைப் பெட்டிகளில் கால்சிய அளவீடு 10, 20 மில்லிகிராம் முன்பின்னாக இருப்பது இயல்பு என்பதால், கால்சியத்தை மட்டும் அளப்பவருக்கு இந்தச் சரிவு கண்ணிலேயே படாமல் போகலாம்.

எனவே அடிக்கடி அளக்கப்பட வேண்டியது காரத்தன்மையே. கால்சியத்தை வாரம் ஒருமுறையும் மெக்னீசியத்தை இரு வாரங்களுக்கு ஒருமுறையும் பார்த்தால் போதும். புதிதாக ஊட்டம் கொடுக்கத் தொடங்கும் தொட்டியில் காரத்தன்மையை நாள்தோறும், ஒரே நேரத்தில் அளப்பது நல்லது.

தொட்டியின் அன்றாடச் செலவை அறிய எளிய வழி உண்டு. ஊட்டத்தையும் நீர் மாற்றத்தையும் நிறுத்திவைத்து, முதல் நாள் மாலை காரத்தன்மையை அளந்து, மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் மீண்டும் அளக்க வேண்டும். முதலில் 8.4, பிறகு 7.2 என்றால் மூன்று நாளில் 1.2 குறைந்துள்ளது, ஒரு நாளுக்கு 0.4. இந்த ஓர் எண்ணிலிருந்தே மற்ற எல்லா அளவுகளும் பிறக்கின்றன. ‘100 லிட்டருக்கு வாரம் இத்தனை மில்லி’ என்று புட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் அளவு ஏதோ ஒரு சராசரித் தொட்டிக்குரியது. ஐந்து பவளமுள்ள தொட்டிக்கும் ஐம்பது பவளமுள்ள தொட்டிக்கும் அது ஒன்றாகப் பொருந்தாது.

உப்பை அளக்காமல் கால்சியத்தை அளப்பது வீண்

கால்சியம் குறைவாகக் காட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது வேதியியல் சிக்கலே அன்று, நீர் நீர்த்திருப்பது. கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு இருக்கையில்தான் கால்சியம் 420. உப்புத்தன்மை 30 ஆகக் குறைந்தால் கால்சியமும் அதே விகிதத்தில் 360 ஆகிவிடும். மெக்னீசியமும் பிறவும் அவ்வாறே இறங்கும். இந்த நிலையில் கால்சியம் மட்டும் சேர்த்து 420க்கு ஏற்றுவது, நீர் கலந்த குழம்பில் மிளகாய்த்தூள் மட்டும் சேர்ப்பது போன்றது. பிறகு உப்புத்தன்மையைச் சரிசெய்யும்போது கால்சியம் 490 ஆகிவிடும்.

உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியே பிழையாகக் காட்டலாம். 35 பங்கு எனச் சான்றளிக்கப்பட்ட திரவத்தின் ஒரு துளியை வைத்து அதைச் சரிபார்த்துக்கொள்வது, எந்த ஊட்டத்தையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

நீரும் முக்கியம். பெங்களூரு, தில்லி புறநகர் போன்ற இடங்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதில் ஏற்கெனவே கால்சியமும் காரத்தன்மையும் நிறைந்திருக்கும். ஆர்.ஓ. நீர் பயன்படுத்துவதாகச் சொல்வோர் பலரிடமும் இருப்பது குடிநீருக்கான வீட்டுக் கருவி. சுவைக்காகச் சிறிது மூலநீரையோ தாதுக்களையோ திரும்பக் கலந்து தரும் கருவிகள் பவளத் தொட்டிக்கு உதவா. கரைந்த திடப்பொருள் அளவு பூச்சியத்தை ஒட்டியிருக்கும் நீரே வேண்டும். அப்படியில்லாத நீரை ஆவியான நீருக்கு ஈடாகத் தினமும் ஊற்றினால், யாரும் கணக்கில் எழுதாத ஊட்டம் ஒன்று தொட்டிக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும்.

எல்லாத் தொட்டிக்கும் இது தேவையா?

தேவையில்லை. மீன்களும் மென்பவளங்களும் காளான் பவளங்களும் மட்டும் உள்ள தொட்டியில் கால்சியச் செலவு மிகச் சிறிது. நத்தைகளும், பாறையில் இளஞ்சிவப்பாகப் படரும் சுண்ணப் பாசியும் ஓரளவு எடுத்துக்கொள்ளும். வாரம் பத்து விழுக்காடு நீரை மாற்றினாலே அது ஈடாகிவிடும்.

கல்பவளம் நிறைந்த தொட்டியில் நீர் மாற்றம் மட்டும் ஏன் போதாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. காரத்தன்மை 6 ஆக உள்ள தொட்டியில் பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு 8 அளவுள்ள புது நீரை ஊற்றினால் தொட்டியின் அளவு 6.2 மட்டுமே ஆகும். பவளங்கள் அதை அரை நாளில் செலவழித்துவிடக்கூடும்.

இங்கே இந்திய வாசகர் அறிந்திருக்க வேண்டிய சட்டச் செய்தி ஒன்று உள்ளது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் கல்பவளங்கள், கரும்பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறிகள் ஆகியவை 2001இல் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. கட்ச் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் நிகோபார், மன்னார் வளைகுடா ஆகிய கடல்களிலிருந்து இவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கான குறைந்தபட்ச அபராதத்தை 10,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்த்தியது. உலகின் கல்பவளங்கள் அனைத்தும் ‘சைட்ஸ்’ எனப்படும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பிலும் உள்ளன. ‘இது வெளிநாட்டுச் சரக்கு’ என்று கடைக்காரர் சொல்லும் வாய்மொழி சட்டத்தின் முன் நிற்காது. டோசிங் பம்புக்குச் செலவழிக்கும் முன், தொட்டியில் இருக்கும் உயிரினம் எது, அதற்கான ஆவணம் எங்கே என்று கேட்டுக்கொள்வதே முறை.

சுண்ணாம்பு நீரும் பருவமழையும்

காரத்தன்மையையும் கால்சியத்தையும் சரியான விகிதத்தில் சேர்த்துத் தரும் மிகப் பழைய முறை சுண்ணாம்புத் தெளிநீர். கால்சியம் ஹைட்ராக்சைடைத் தூய நீரில் கலக்கி, தெளியவைத்து, மேல்நீரை மட்டும் எடுத்துச் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுவார்கள். ஐரோப்பாவில் 1970களில் பீட்டர் வில்கென்ஸ் பரப்பிய இந்த முறையை உலகெங்கும் இன்றும் ‘கால்க்வாசர்’ என்னும் ஜெர்மன் பெயராலேயே அழைக்கின்றனர். சுண்ணாம்பு நீர் என்பதே அதன் பொருள்.

ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ ஒன்றரை கிராமுக்கு மேல் சுண்ணாம்பு கரையாது. அந்தத் தெவிட்டிய கரைசல் ஒரு லிட்டரில் சுமார் 800 மில்லிகிராம் கால்சியமும், அதற்கு இணையான காரத்தன்மையும் இருக்கும். 100 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் விட்டால் கால்சியம் 8 மில்லிகிராமும் காரத்தன்மை 1.1 டிகேஎச்சும் உயரும். சோடியமோ குளோரைடோ மிச்சம் விழுவதில்லை என்பது இதன் சிறப்பு.

ஆனால் தொட்டியிலிருந்து எவ்வளவு நீர் ஆவியாகிறதோ அவ்வளவுதான் இந்த நீரை ஊற்ற முடியும். கையேடுகள் அதிகம் பேசாத சிக்கல் இதில்தான் வருகிறது. கோடையில் விசிறி சுழலும் 150 லிட்டர் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் ஆவியாகிறது என்று கொள்வோம். சுண்ணாம்பு நீர் வழியாகத் தினமும் 1.5 டிகேஎச் கிடைக்கும். ஜூலை மாத மும்பையிலோ கொச்சியிலோ காற்றின் ஈரம் ஏறியதும் ஆவியாதல் முக்கால் லிட்டராகச் சுருங்கினால், கிடைப்பது 0.6 அளவுக்குக் குறைந்துவிடும். பவளத்தின் பசி குறையவில்லை. ஊட்டம் மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது. தானியங்கிக் கருவி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருப்பதால் உரிமையாளருக்கு எதுவும் தெரிவதில்லை. மழைக்காலத்தில் காரணமின்றிப் பவளம் வாடுவதாகக் கருதுவோர் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

சுண்ணாம்பு நீரின் காரகாடி எண் 12ஐத் தாண்டும். கண்ணில் பட்டால் தீங்கு, கையுறை வேண்டும். ஒரே மூச்சில் ஊற்றினால் தொட்டியின் காரகாடி எண்ணும் துள்ளி உயரும். நீரின் காரகாடி எண் இயல்பாகவே தாழும் இரவு நேரத்தில் சொட்டுவிடுவது பாதுகாப்பானது. பாத்திரத்தை மூடிவைக்காவிட்டால் காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து மேலே ஆடையாகப் படிந்து வலுவிழக்கும். வெற்றிலைக்குப் பயன்படும் பதப்படுத்திய சுண்ணாம்பில் வேறு சேர்மானங்கள் இருக்கக்கூடும். உணவுத் தரத் தூய கால்சியம் ஹைட்ராக்சைடே ஏற்றது.

இரு கரைசல் முறை: கிராம் கணக்கு

பவளம் பெருகிச் செலவு கூடும்போது சுண்ணாம்பு நீர் ஈடுகொடுக்காது. அப்போது கால்சியம் குளோரைடு ஒரு கரைசலாகவும், சோடியம் பைகார்பனேட் மற்றொரு கரைசலாகவும் தனித்தனியே விடப்படுகின்றன. விலையுயர்ந்த புட்டிகள் பலவற்றின் உள்ளேயும் அடிப்படையில் இருப்பவை இவையே. அமெரிக்க வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி வீட்டிலேயே தயாரிக்கும் செய்முறைகளை வெளியிட்ட பிறகு, பலர் தாமாகவே கலந்துகொள்கின்றனர்.

100 லிட்டர் நீரில் காரத்தன்மையை 1 டிகேஎச் உயர்த்த 3 கிராம் சோடியம் பைகார்பனேட் தேவை. அதற்கு இணையான 7 மில்லிகிராம் கால்சியத்தைச் சேர்க்க, இருநீரேற்றக் கால்சியம் குளோரைடு 2.6 கிராம் தேவை. நீரற்ற வகை என்றால் 2 கிராம் போதும். மேலே சொன்ன 0.4 செலவுள்ள தொட்டியில் உண்மையான நீர் 150 லிட்டர் என்றால், நாளொன்றுக்கு 1.8 கிராம் பைகார்பனேட்டும் 1.6 கிராம் கால்சியம் குளோரைடும் போதும். ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் உள்ள தொட்டியின் கொள்ளளவு 180 லிட்டரைத் தாண்டும்; பாறையும் மணலும் மேலே விட்ட இடைவெளியும் போக நீர் அதைவிடக் குறைவு என்பதையும் மறக்கலாகாது.

சோடியம் பைகார்பனேட் என்பது ஆப்பத்துக்குச் சேர்க்கும் சமையல் சோடாதான். ஆனால் பேக்கிங் பவுடர் அன்று. அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். துணிக்குப் போடும் சலவை சோடாவும் கூடாது. கால்சியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பது. மழைக்காலத்தில் திறந்துவைத்த பொட்டலத்திலிருந்து எடுக்கும் ஒரு கிராமில் பாதி தண்ணீராகக்கூட இருக்கலாம். காற்றுப் புகாத கலத்தில் வைத்து, வாங்கிய நாளிலேயே முழுவதையும் கரைசலாக்கிவிடுவது சிறந்தது. நீரற்ற வகையைக் கரைக்கும்போது நீர் நன்கு சூடேறும். தூளை நீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும்.

இரண்டு கரைசல்களும் தொட்டிக்கு வெளியே கலக்கக் கூடாது. கலந்தால் அங்கேயே சுண்ணக்கட்டியாகிவிடும். தொட்டிக்குள்ளும் நீரோட்டம் மிகுந்த இடத்தில், ஒன்றுக்கும் மற்றதற்கும் நல்ல இடைவெளி விட்டுச் சேர்க்க வேண்டும். இந்த முறையின் எச்சம் சாதாரண உப்பு. மாதக்கணக்கில் உப்புத்தன்மை மெல்ல ஏறும். நீர் மாற்றம் அதைச் சீராக்குகிறது. ஊட்டம் கொடுப்பதால் நீர் மாற்றம் தேவையில்லை என்ற எண்ணம் தவறு.

பெரிய தொட்டிகளில், பவளத் துண்டுகளைக் கரியமில வாயு கலந்த நீரில் கரைத்துத் தரும் கால்சியம் ரியாக்டரும் பயன்படுகிறது. வீட்டுத் தொட்டிக்கு அது பெரும்பாலும் மிகை.

மெக்னீசியத்தை ஏன் பார்க்க வேண்டும்?

எவ்வளவு ஊற்றியும் கால்சியமும் காரத்தன்மையும் ஏற மறுத்தால் சந்தேகிக்க வேண்டியது மெக்னீசியத்தை. கடல்நீரில் லிட்டருக்கு 1,280 மில்லிகிராம் அளவில் இருக்கும் இது, வளரும் சுண்ணப் படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது. கடல்நீரில் கால்சியம் கார்பனேட் தெவிட்டு நிலையைத் தாண்டியிருந்தும் தானாக வெண்பொடியாக விழாமல் இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். 1,200க்குக் கீழே போனால் அந்தக் காவல் தளர்கிறது; ஊற்றிய ஊட்டம் பவளத்துக்குப் போகாமல் பம்பிலும் வெப்பக் குழாயிலும் படிகிறது. மெக்னீசியம் மெதுவாகவே செலவாவதால் அதை ஒருமுறை சரிசெய்துவிட்டால் நீண்ட நாள் தாங்கும்.

நுண் தனிமங்கள்: அளக்க முடியாததை ஊற்றலாமா?

ஸ்ட்ரான்சியம், அயோடின், இரும்பு, மாங்கனீசு என்று வண்ண வண்ணப் புட்டிகளில் விற்கப்படுபவை நுண் தனிமங்கள். பணம் அதிகம் கரைவதும் பவளம் அதிகம் மடிவதும் இந்த அலமாரியில்தான்.

கடல்நீரில் ஸ்ட்ரான்சியம் லிட்டருக்கு 8 மில்லிகிராம். கால்சியத்தை ஒத்த தனிமம் என்பதால் பவளச் சட்டகத்தில் தானாகவே சேர்ந்துகொள்கிறது; சேர்வதாலேயே தேவை என்றாகிவிடாது. அயோடின் அளவோ லிட்டருக்கு 0.06 மில்லிகிராம் மட்டுமே. 100 லிட்டர் தொட்டி முழுவதிலும் இருப்பது 6 மில்லிகிராம். அடர்கரைசலில் நாலைந்து சொட்டு கூடினால் கடலின் அளவைப் போல் இரு மடங்காகிவிடலாம். அதைக் காட்டிக்கொடுக்கும் நம்பகமான வீட்டுச் சோதனையும் எளிதில் கிடைப்பதில்லை. இரும்பைச் சேர்த்தால் பவளத்தை முந்திக்கொண்டு தழைப்பது பாசி.

தாமிரம் தனி எச்சரிக்கைக்குரியது. உயிருக்கு மிகமிகச் சிறிதளவில் வேண்டப்படும் அதே தனிமம், சற்றே கூடினாலும் முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்லும். மீன்களின் வெண்புள்ளி நோய்க்குத் தரப்படும் மருந்துகள் பலவற்றில் இருப்பது தாமிரம். அவற்றைப் பவளத் தொட்டியில் ஒருபோதும் சேர்க்கலாகாது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றியே மருந்திட வேண்டும். துருப்பிடித்த பம்பும் பித்தளை இணைப்பும்கூட உலோகத்தைக் கசியவிடும்.

நுண் தனிமங்களைத் துல்லியமாக அறிய ஐசிபி எனப்படும் ஆய்வகச் சோதனை உண்டு. நீர்த்துளியைப் பல்லாயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவில் செலுத்தி, ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் ஒளியைக் கொண்டு அளவிடுவார்கள். ஆண்டுக்கு இரண்டொரு முறை செய்துபார்ப்பது பயன் தரும். மாதிரிக் குப்பி அசுத்தமாக இருந்தால் முடிவும் பிழைபடும் என்பதால், ஒரே அறிக்கையை நம்பி மருந்து ஊற்றத் தொடங்குவது சரியன்று. நல்ல உப்பில் செய்யும் நீர் மாற்றமும் மீனுக்கிடும் தீனியும் இவற்றில் பெரும்பகுதியைத் தாமாகவே கொண்டுவந்து சேர்க்கின்றன.

அளவு மிஞ்சிவிட்டால்

மறதியால் இருமுறை ஊற்றிவிட்டாலோ, தொட்டி திடீரெனப் பால்போல் வெளுத்தாலோ, எதிர்மருந்து தேடி வேறு ரசாயனத்தைச் சேர்ப்பதே பெரிய தவறு. காரத்தன்மை ஏறிவிட்டது என்று அமிலம் ஊற்றினால், பவளம் ஒரே நாளில் இரண்டு அதிர்ச்சிகளைத் தாங்க வேண்டிவரும். முதலில் ஊட்டத்தை நிறுத்த வேண்டும். பம்பும் நீரோட்டமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காரத்தன்மையையும் காரகாடி எண்ணையும் அளந்து எழுதிக்கொண்டு, அதே உப்புத்தன்மையிலும் வெப்பநிலையிலும் தயாரித்த புது நீரால் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். மிஞ்சியிருப்பதைப் பவளங்களே சில நாட்களில் செலவழித்துவிடும். குறைவைச் சரிசெய்யும்போதும் ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது.

டோசிங் பம்ப் வைத்திருப்போர் வெளியூர் செல்லும் முன் கலன்களை விளிம்புவரை நிரப்பிவைப்பது வழக்கம். பம்ப் நிற்காமல் ஓடினாலோ, குழாய் முனை நீருக்குள் மூழ்கித் தானாக உறிஞ்சத் தொடங்கினாலோ, கலனில் இருப்பது முழுவதும் ஓர் இரவில் தொட்டிக்குள் போய்விடும். குழாய் முனையை நீர்மட்டத்துக்கு மேலே பொருத்தி, திரும்பி வரும் நாள்வரை தேவைப்படும் அளவை மட்டுமே கலனில் வைப்பது அந்த ஒரு விபத்தின் அளவைக் குறைக்கும்.